வளைந்த மெழுகுவர்த்தி

1991 நவம்பர் 11, திங்கட்கிழமை. காலை 10.40.

பிள்ளைப்பாக்கத்துப் பக்கம் இருந்த அந்தச் செருப்புத் தொழிற்சாலையில், தோல் கட்டுகள் அடுக்கிய அறையிலிருந்து ஒருத்தி அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, மேரி செத்துப்பூட்டா!"

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலுதவி அறை நர்ஸ் பாஞ்சாலி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டு கட்டுகளுக்கு நடுவே லூர்து மேரி சுருண்டு கிடந்தாள். முகம் உப்பியிருந்தது. கை ஜில்லென்று இருந்தது. பாஞ்சாலி நாடியைப் பிடித்தாள். ஓடியது, ஆனால் மிக மெதுவாக. குனிந்து மூக்கருகே காதை வைத்தாள். பிணம் லேசாகக் குறட்டை விட்டது.

"சாகல, தூங்குறா. போய் வேலையப் பாருங்க" என்றாள் பாஞ்சாலி.

எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் கோதண்டராமன் மட்டும் சிரிக்கவில்லை.

"இது மூணாவது தடவ, சிஸ்டர். சனிக்கிழம பர்மனென்ட் லிஸ்ட் போவுது. இவ பேர அடிச்சிட வேண்டியதுதான்."

"சோம்பேறித்தனம் இல்ல சார், சீக்கு. தைராய்டு."

"பத்து மாசமா மாத்திர துன்றாளே, இன்னா ஆச்சு?"

கேள்வி நியாயமானதுதான். பாஞ்சாலிக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான்.

காலை 11.15. முதலுதவி அறை.

மேரியின் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி படுத்துவிட்டது. அது சுரக்க வேண்டியதை மாத்திரையாக உள்ளே அனுப்ப வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு வாயில் நுழையாத சீக்கு. வேலைக்கு டிமிக்கி கொடுக்க எத்தனையோ பேர் நடித்ததைப் பாஞ்சாலி பார்த்திருக்கிறாள். நடிக்கிறவள் கண்ணை மூடலாம். நாடியை மெதுவாக்க அவளால் ஆகாது.

"மாத்திரைய எப்ப முழுங்குற?"

"காலைல நாலே முக்காலுக்கு, ஜெபம் முடிச்சிகினு. வெறும் வயித்துல."

"டீ?"

"ஒரு மணி நேரம் கழிச்சி, ஷிப்ட் பஸ் ஏறுறதுக்கு முன்ன."

"ஒரு நாளும் தவறல?"

"மாதா மேல சத்தியமா இல்ல சிஸ்டர். மொத பாட்டில் துன்னப்ப நல்லாத்தான் இருந்துச்சி. குளிர் உட்டுச்சி, முடி கொட்றது நின்னுச்சி. ஈஸ்டருக்கு அப்பறந்தான் மறுபடியும் புடிச்சிகிச்சி. டாக்டரு டோஸ ரெட்டிப்பாக்கினாரு. அப்பறமும் ரத்த டெஸ்ட்டு சரியா வர்ல. நீ முழுங்காம தூக்கிப் போடுறன்னு என்னையே திட்டுறாரு."

மேரி அழ ஆரம்பித்தாள். அந்தக் குரலே கரகரவென்று யாருடையதோ போலிருந்தது. பிறகு கதவைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"மாத்திரைய யாரோ மாத்துறாங்க சிஸ்டர்."

"யாரு?"

"என் நாத்தனாரு, பெனிஷா. மாத்திர வெச்சிருக்கிற பெட்டியில அவ கைய வுட்டுகினு இருந்தத என் கண்ணால பாத்தேன். ரெண்டு தடவ. என்னப் பாத்ததும் டக்குனு மூடிட்டா."

"அவளுக்கு இன்னா லாபம்?"

"கண்ணாலம் ஆயி நாலு வருசம் ஆச்சு, புள்ள இல்ல. அவங்க அண்ணனுக்கு வேற பொண்ணு பாக்கலாம்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

பாஞ்சாலிக்கு நெஞ்சு கனத்தது. வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். கூடப் பிறந்தவள் மாதிரி இருக்க வேண்டியவளை விஷம் வைப்பவளாக நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில் எப்படிச் சோறு தின்பது?

செவ்வாய்க்கிழமை, மாலை 3.30. ஸ்ரீபெரும்புதூர்.

மருந்துக் கடை சுப்பராயன் கொதித்துப் போனார்.

"டூப்ளிகேட் மாத்திரையா? என் கடையிலயா?"

"கோச்சிக்காதீங்க. இதையே வேற யாராவது வாங்குறாங்களா?"

"வாத்தியார் வூட்டம்மா மூணு வருசமா வாங்கினு போறாங்க. நேத்துகூட சைக்கிள் மிதிச்சிகினு வந்தாங்க. இந்தா, நீயே பாரு."

கடையின் உள்பக்கம், ஜன்னல் வெளிச்சம் எட்டாத அலமாரியிலிருந்து பழுப்புக் கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்துத் தந்தார். மாத்திரைகள் பால் வெள்ளையாக இருந்தன. பாஞ்சாலி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கடை மேல் தப்பில்லை. அப்படியென்றால் தப்பு வீட்டில்தான் இருக்க வேண்டும்.

புதன்கிழமை, மாலை 4.15. மேரியின் வீடு.

மேரியின் கணவன் மைக்கேல்ராஜ் வேறொரு கம்பெனியில் எலக்ட்ரீசியன். நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தான். பத்தொன்பது வயது பெனிஷா டீ கொண்டுவந்தாள். மேரி அந்த டீயைத் தொடவில்லை.

சுவரில் மாதா பெட்டி இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட மரப்பெட்டி. உள்ளே வேளாங்கண்ணி மாதா சொரூபம், பிளாஸ்டிக் மாலை, ஏற்றாத மெழுகுவர்த்திகள் நான்கு. மேலே குண்டு பல்பு ஒன்று பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. மாதாவின் காலடியில் ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் மாத்திரைகள் பளிச்சென்று தெரிந்தன.

"இந்த பாட்டில் ஏது?"

"ஈஸ்டர் முடிஞ்சி வேளாங்கண்ணிக்குப் போனோம் சிஸ்டர். அங்க வாங்கின மந்திரிச்ச எண்ண பாட்டிலு. காலியானதும் கழுவி, அப்பறம் வாங்குற மாத்திரையெல்லாம் அதுலதான் கொட்டி மாதா பாதத்துல வெக்கிறேன்" என்றாள் மேரி.

"அதுக்கு முன்ன?"

"கடையில குடுத்த பாட்டில்லயே அடுப்பங்கர அலமாரில கெடந்துச்சி."

பாஞ்சாலி சட்டென்று திரும்பினாள்.

"பெனிஷா. இந்தப் பெட்டியத் தொறப்பியா?"

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது.

"தொறப்பேன்."

"அண்ணி பாத்தா மூடிடுவியாமே?"

"ஆமா."

"எதுக்கு?"

"மெழுகுவத்தி வளைஞ்சி வளைஞ்சி பூடுது சிஸ்டர்" என்றாள் பெனிஷா அழுகையோடு. "அண்ணி பாத்தா கெட்ட சகுனம்னு மனசு ஒடஞ்சி பூடும். அதான் அதுக்குத் தெரியாம நிமித்தி நிமித்தி வெக்கிறேன்."

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். நான்கில் ஒன்று இப்போதும் தலை குனிந்து நின்றது.

பாஞ்சாலி எழுந்து கண்ணாடியைத் தொட்டாள். சுட்டது.

"தம்பி, இது எத்தன வாட்டு பல்பு?"

"அறுவது" என்றான் மைக்கேல்ராஜ். "நாந்தான் போட்டேன். வேளாங்கண்ணிலருந்து வந்த நாள்லருந்து ராப்பகலா எரியுது. இவ ரத்தம் சரியாச்சின்னு டாக்டரு சொல்ற வரைக்கும் அணைக்க மாட்டேன்னு நேர்ந்துகினு இருக்கேன்."

"அப்ப இந்த வூட்டுல மாத்திரைய கெடுத்தது நீதான் தம்பி."

அவன் நிமிர்ந்து பல்பைப் பார்த்தான்.

பாஞ்சாலி பையிலிருந்த புது மாத்திரை ஒன்றையும் பெட்டியிலிருந்து ஒன்றையும் எடுத்து உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று பால் வெள்ளை. மற்றது மங்கி, ஓரம் பழுத்திருந்தது.

"இந்த மாத்திரைக்கு சூடும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. அதுக்குத்தான் பழுப்பு பாட்டில்ல அடைக்கிறான். நீங்க அத கண்ணாடி பாட்டில்ல கொட்டி, அறுவது வாட்டுக்கு அடியில வெச்சி வாட்டியிருக்கீங்க. மெழுகே வளையுற சூட்டுல மருந்து மட்டும் நிக்குமா? இவ தெனமும் முழுங்கினது சத்து போன மாத்திர. எத்தன டோஸ் ஏத்தினா இன்னா?"

மைக்கேல்ராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "இவ குணமாவணும்னுதான சிஸ்டர் ஏத்தினேன். நானே இவள…" என்று முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். பாஞ்சாலி பெட்டியிலிருந்து அந்தப் பாட்டிலை வெளியே எடுத்தாள்.

"அழாத. பல்பு எரியட்டும், அது உன் நேர்ச்ச. மாத்திர மட்டும் அங்க வேணாம். மேரி, இந்த புது பாட்டில அலமாரில வையி. நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரேன். ரெட்டிப்பு டோஸ புது மாத்திரையில துன்னா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். அவரு சொல்ற அளவுதான்."

மேரி யாரையும் பார்க்கவில்லை. ஆறிப்போன டீயை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே டோஸைப் பழைய அளவுக்கு இறக்கி, கம்பெனிக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தார். கோதண்டராமன் அதை இரண்டு தடவை படித்தார். "புது வருசம் வரைக்கும் பாப்போம்" என்று லிஸ்டில் பேரை விட்டுவைத்தார்.

டிசம்பர் 31, செவ்வாய்க்கிழமை. மாலை 4.30.

மெட்ராஸிலிருந்து வந்த ரத்தப் பரிசோதனைத் தாளோடு பாஞ்சாலி வீட்டுக்குள் நுழைந்தாள்.

"டாக்டரு பாத்துட்டாரு. சரியா இருக்குன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு."

மைக்கேல்ராஜ் ஸ்விட்சை நோக்கி நடந்தான். மேரி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ வேணாம். பெனி அணைக்கட்டும்."

"நானா அண்ணி?"

"நீதான். உன்னப் போயி சந்தேகப்பட்டேனே, பாவி."

பெனிஷா ஸ்விட்சைத் தட்டினாள். எட்டு மாதங்களுக்குப் பிறகு மாதாவின் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் விழுந்தது. பழக்கதோஷம், அவள் பெட்டியைத் திறந்து வளைந்த மெழுகுவர்த்தியை நிமிர்த்தக் கையை நீட்டினாள். மேரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடு. நாளைக்குப் புதுசு வெப்போம். இனிமே வளையாது."

பெனிஷா தன் கையைப் பற்றியிருந்த கையைக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணி," என்றாள் மெதுவாக, "உன் கை வெதுவெதுன்னு கீது."