மரப்பாலத்துக்குள் மழை

விமானம் வந்திறங்க இன்னும் பத்தொன்பது மணி நேரம். விமான நிலையத்தில் போடவேண்டிய மாலை, பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டு ஃபிரிட்ஜில், தயிருக்கும் கீரைக்கும் நடுவில் வாடாமல் கிடந்தது. "மாதாட்டை ஒருக்கா மன்றாடிப்போட்டு வா, பிள்ளை" என்று அப்பாதான் றொஷினியைத் தேவாலயப் பங்கின் யாத்திரை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

திரும்பும் வழியில் சாரதி குறுக்குப் பாதை பிடித்தார். அது கூரை போட்ட ஒரு பழைய மரப்பாலத்தில் போய் நின்றது. பஸ் நுழையாது. பின்னால் எடுக்க எல்லோரையும் இறக்கினார். அந்த நேரம் பார்த்து ஒக்டோபர் மழை...

பாலத்துக்குள் ஓடியவளின் தோளில் ஓர் இளைஞனின் சாப்பாட்டுப் பெட்டி மோதியது. இடியப்பம் பலகையெங்கும் சிதறியது.

"கண்ணை எங்க வச்சிருக்கிறீங்கள்?"

"பெட்டியிலதான். கடைசி இடியப்பம்..."

அவன் நிமிர்ந்தான். இமையில் மழைத்துளி, நெற்றியில் திருநீறு. அவள் கோபம் எங்கோ போய்விட்டது. பெயர் மிதுசன், அதே பஸ்ஸில் தாயைக் கூட்டி வந்தவன்.

"சைவக்காரருக்கு மாதாட்டை என்ன அலுவல்?"

"அம்மாக்கு நேர்த்திக்கடன். எனக்கு இடியப்பம். இப்ப அதுவும் இல்லை."

சிரித்தாள். சிரித்து எத்தனை மாதம்...

பாலத்து வாசலில் அறிவிப்புப் பலகையிலிருந்த பிரெஞ்சை அவன் வாசித்துச் சொன்னான். கட்டியது 1887இல். பனிக்காலத்தில் ஊரார் வெளிப் பனியை அள்ளி வந்து உள்ளே பரப்புவார்களாம், குதிரைகள் சறுக்குவண்டியை இழுக்க.

"பனியை உள்ள கொட்டுறதெண்டா கூரை எதுக்கு?"

"ஆக்களுக்கில்லை, மரத்துக்கு" என்றாள். விஞ்ஞானம் படித்தவள். "நனைஞ்சு நனைஞ்சு காய்ஞ்சா இருபது வருசத்தில உக்கிப்போகும். மூடினபடியா இன்னும் நிக்குது."

"தொட்டுப் பாருங்கோ, கோடரி வெட்டுத் தெரியுது."

வலக் கையுறையை மட்டும் கழற்றித் தொட்டாள். பக்கத்தில் அவன் விரல்கள். மரம் குளிர்ந்திருந்தது.

"மற்றக் கைக்குக் குளிரோ?"

இடக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். சொன்னால் இந்த நிமிடம் முடிந்துவிடும்... சொல்லாவிட்டால்?

பஸ் ஹோர்ன் அடித்தது.

"அம்மாவை உங்கட வீட்டைக் கலியாணம் பேச அனுப்பட்டே?" அவன் குரல் தணிந்தது. "நாங்கள் சைவம், நீங்கள் கிறிஸ்தவம் எண்டு அப்பா சண்டை பிடிச்சா... ஏச்செல்லாம் நான் நிண்டு வாங்கிறன்."

போன வருடம் அப்பா விமான டிக்கெட்டை நீட்டியபோது, "ஏலாது" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அன்றும் பேசாமல்தான் நின்றாள்.

இடக் கையுறையை மெல்லக் கழற்றினாள்.

"வடிவான மோதிரம்" என்று சிரித்தான் அவன். பிறகு சிரிப்பு நின்றது.

"ஒருத்தரோடையும் நான் இப்பிடிச் சிரிச்சதில்லை, மிதுசன்... ஆனா போன வருசம் ஆடியிலயே கொழும்பில எனக்குக் கலியாண எழுத்து முடிஞ்சுது. நாளைக்கு வந்திறங்கிறது என்ர புருசன்."