தீபங்கள் காட்டிய நீர்வழி

ஆடிப்பெருக்கின் அந்தி நேரம். மறைந்த கதிரவனின் செம்மை காவிரியின் புதுவெள்ளத்தில் கரைந்துகொண்டிருக்க, கிழக்கே எழுந்த முழுமதி மருதந்துறைக் கோட்டை மதிலுக்கு மேலே நின்று ஆற்றை எட்டிப் பார்த்தது. வாசகர்களே, நாமும் இந்தக் கூட்டத்தில் முண்டியடித்துத் துறைக்கு இறங்குவோம். வேளரசரின் ஓடப்படைக்கு இவ்வாண்டு யார் தலைவன் என்பது இப்போது தெரிந்துவிடும்.

போர்வையால் முகம் மறைத்த பெண்ணொருத்தியை ஏற்றிக்கொண்டு, ஓடத்தின் முனையிலுள்ள விளக்கு அணையாமல், எதிர்க்கரைப் படித்துறையை முதலில் தொடுபவனே தலைவன். மூன்று முறை தோற்றவன் தன் துடுப்பை ஆற்றில் விட்டுவிட வேண்டும். பிறகு ஆயுளுக்கும் ஓடத்தைத் தொடக்கூடாது. கண்டன் காரி ஏற்கெனவே இரு முறை தோற்றவன். துடுப்பைத் தவிர வேறொன்றும் அறியாத அவன் மற்றவர்களுக்கு முன்பே ஓடத்தில் ஏறிக் காத்திருந்ததில் வியப்பென்ன?

முரசு அதிர்ந்தது. சென்ற ஆண்டு வென்ற மல்லரையன் முதல் அனைவரும் படித்துறையை நோக்கி நேராகப் பாய்ந்தார்கள். ஊர்ப் பெண்கள் வாழைமட்டையில் ஏற்றி மிதக்கவிட்ட தீபங்கள் துடுப்புகளில் சிக்க, அவற்றைத் திட்டிக்கொண்டே தள்ளினார்கள். அரசர் காணத் தன் தோள்வலியைக் காட்ட வேண்டுமென்று காரியும் முன்பெல்லாம் அப்படித்தான் நேராகச் சென்று நடு ஆற்றில் திணறினான். அந்த அசட்டுப் பெருமைக்கு இனி இடமில்லை.

இன்று அவன் தீபங்களையே பார்த்தான். சுழலில் அவை கூட்டமாய்ச் சுற்றின. அப்பால் ஒரு வரிசை மட்டும் மணல்திட்டைக் கடந்து, தள்ளுவாரின்றித் தானாகவே எதிர்க்கரைப் பக்கம் வளைந்தது. காரி அந்த வரிசையின் பின்னே ஓடத்தை விட்டான். படித்துறையை விட்டு விலகிக் கீழே போகும் அவனைக் கண்டு கரையில் சிரிப்பு எழுந்தது. இவ்வாண்டும் காரி ஆற்றோடு போகிறான் என்று யாரோ கத்தினார்கள். அவன் தீபங்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வளைவில் காற்று சீறிவந்து விளக்கின் சுடரைச் சாய்த்தது. போர்வைப் பெண் சட்டென்று போர்வையை உருவி விளக்குக்கு மறைப்பாகப் பிடித்தாள். நிமிர்ந்த சுடரின் ஒளியில் தெரிந்த முகத்தைக் கண்டு காரியின் கை நின்றேவிட்டது. அவள் வேளரசரின் ஒரே மகள் வரகுணநங்கை.

"துடுப்பைப் போடும். முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றாள் இளவரசி.

வெட்கமும் மகிழ்ச்சியுமாக அவன் துடுப்பைப் போட்டான். எதிர்க்கரையோரம் சுழன்று மேல்நோக்கித் திரும்பிய நீர் ஓடத்தைத் தாங்கிப் படித்துறைப் பக்கம் கொண்டுசென்றது. நடுவெள்ளத்தில் மல்லரையன் இன்னும் முக்கிக்கொண்டிருக்க, எரியும் விளக்கோடு காரியின் ஓடம் படியில் இடித்து நின்றது.

பின்னால் வந்த மல்லரையன் சும்மா இருப்பானா? ஓடத்தில் வந்தவள் விளக்கைக் காத்தது முறையல்ல என்று, அந்தப் படித்துறையில் காத்திருந்த அரசரிடம் முறையிட்டான். அப்போதுதான் வந்தவள் யாரென்று கண்டு கூட்டம் கைகூப்பி விலகி வழிவிட்டது.

"துடுப்பைத் தொடக்கூடாது என்பதுதான் முறை, நான் தொடவில்லை. போரில் ஓடத்தில் இருப்பவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்களா, தந்தையே?" என்றாள் நங்கை. "கரையில் நின்றால் வென்றவனை மட்டுமே பார்க்க முடிகிறது. தோற்றவர் எப்படி ஓட்டுகிறார் என்று அறியவே இந்த ஓடத்தைக் கேட்டு ஏறினேன்."

வேளரசர் சிரித்தபடி தலைமைக்குரிய வாளைக் காரியிடம் நீட்டினார். அவன் வாளை வாங்கி இடையில் செருகினான். ஆற்றில் விடவேண்டியிருக்குமோ என்று அஞ்சிய துடுப்பை உயர்த்திப் பிடித்தான்.

"தேவி, இக்கரையில் ஒருவர் காத்து நிற்க, என் ஓடம் அக்கரையில் கட்டிக் கிடக்காது. இது இந்தத் துடுப்பின் மேல் ஆணை."

"அந்த ஒருவர் நானாக இருந்தாலுமா?" என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள் நங்கை.

"தாங்களாக இருந்தால், தேவி, விளக்கில்லாமலே வருவேன்" என்றான் காரி.