வெள்ளைத் தாளைப் பிடித்த கை

எந்த வீட்டுக்குச் சென்றாலும் முதல் படத்தில் யார் கையிலாவது ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்வது அந்தப் புகைப்படக்காரரின் வழக்கம். அறையின் விளக்கு எவ்வளவு மஞ்சளாக எரிந்தாலும், பிறகு கணினியில் அந்தத் தாளைச் சுட்டி, ‘இதுதான் வெள்ளை’ என்று சொல்லிவிட்டால் போதும். மற்ற நிறங்களெல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும். ஓய்வறியாத பிழைப்பில் அவர் விடாமல் காத்த ஒழுங்கு அது ஒன்றுதான்.

ஒரே ஒருமுறை தவறவிட்டார். போன வருடம், இதே வீட்டில்.

இன்றும் அதே குழந்தையின் பிறந்தநாள். உயர்ந்த கூரையுடைய பழைய கூடம். நிறையக் குண்டு பல்புகள் எரிந்தும் மூலைகளில் இருள் அப்படியே தேங்கிக் கிடந்தது.

“பேப்பர் அண்ணன் வந்துட்டாரு! எல்லாரும் பரீட்சைக்கு உக்காருங்க!” என்று குழந்தையின் சித்தி சிரித்தாள். தாளை வாங்கிக்கொண்டு பல்பின் கீழ் நின்றாள். முகத்தில் அசதி தெரிந்தது.

படமெடுத்துவிட்டு, குழந்தையின் தாயைத் தேடி, “அக்கா எங்கம்மா?” என்றார்.

சிரிப்பு நின்றது. குழந்தையைத் தோளில் வைத்திருந்த தகப்பன்தான் பதில் சொன்னான். “அவ போயிட்டாண்ணே. மஞ்சக்காமாலை முத்திப்போச்சு. கண்ணாடில மஞ்சளா தெரியறேன்னு சொல்லிட்டே இருந்தா. உங்க போட்டோ வந்ததும், ‘பாருங்க, நல்லாத்தானே இருக்கேன், எல்லாம் இந்த பல்பு பண்ற வேலை’ன்னு சிரிச்சா. நாங்களும் விட்டுட்டோம்.”

சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது. அக்காவின் முகம் பளிச்சென்றிருந்தது. பின்னாலிருந்த சுவர் மட்டும் நீலம் பாரித்திருந்தது.

அவர் அந்த நீலத்தையே பார்த்தார். போன வருடம் தாளை மறந்துவிட்டு வந்திருந்தார். படத்தில் வெள்ளையாக வேறொன்றும் அகப்படாததால், அக்காவின் கண்வெள்ளையைச் சுட்டி நிறம் திருத்தினார். சுவர் நீலமானதைப் பார்த்தும், ‘யார் கவனிக்கப் போகிறார்கள்’ என்ற அலுப்பில் அனுப்பிவிட்டார்.

கண்ணாடி மெய் சொல்லிற்று. படம் பொய் சொல்லிற்று. அவள் படத்தை நம்பினாள்.

அன்றே தம் அறைக்குத் திரும்பி முதல் படத்தைத் திறந்தார். தாளைச் சுட்டினார். சுவர் தெளிந்தது, பின்னால் தகப்பன் தோளிலிருந்த குழந்தையின் கன்னம் தெளிந்தது. சித்தியின் கண்கள் மட்டும் மஞ்சளாகவே நின்றன.

ஓய்ந்துபோன கை, போன வருடம் போலவே, தன்னையறியாமல் அம்புக்குறியை அந்தக் கண்ணுக்கு நகர்த்தியது. அது நில்லாமல் தாளுக்கே வழுக்கிச் சென்றது. மறுபடியும் நகர்த்தினார். மறுபடியும் வழுக்கியது.

அணைத்த மெழுகுவர்த்தியின் வாடை அறையில் பரவிற்று.

படத்தை உற்றுப் பார்த்தார். சித்தியின் இரு கைகளும் தாளின் இரு ஓரங்களைப் பற்றியிருந்தன.

கீழ் விளிம்பை இன்னொரு கை பற்றியிருந்தது.

மெலிந்த, மஞ்சள் கை.

“வெள்ளையாக்காதீங்கண்ணே.”

காதருகே வெறும் மூச்சாகத்தான் கேட்டது.

தொலைபேசியில் தகப்பனை அழைத்தார். “தம்பி, மச்சினிய உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. கண்ணு மஞ்சளா இருக்கு. பல்பு இல்லப்பா. போன வருசமும் பல்பு இல்ல. நான்தான் படத்துல அந்த மஞ்சள அழிச்சேன்.”

மறுமுனையில் தகப்பன் மச்சினியைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

நோய் முற்றுமுன் பிடித்துவிட்டார்கள். சித்தி தேறி வீடு திரும்பியதைக் கேள்விப்பட்டு அவர் மீண்டும் அங்கே போனார். அதே கூடம், அதே பல்புகள் என்பதால், புதிய தாள் காட்டிய அளவையே பழைய படத்துக்கும் வைத்துத் திருத்தி, சட்டமிட்டுக் கொண்டுபோயிருந்தார். அதில் சுவர் சுவராக இருந்தது. அக்காவின் கண்கள் மஞ்சளாக இருந்தன.

“கண்ணாடில மஞ்சளா தெரியறேன்னு அவங்க சொன்னதுதான் சரி. தப்பு என் மேல, தம்பி.”

தகப்பன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பழைய படத்தை இறக்கிவிட்டுப் புதியதை மாட்டினான்.

“இந்தப் படத்தோட சேந்து நாங்களும் ஒண்ணு எடுத்துக்கறோம். பேப்பர் குடுங்கண்ணே,” என்றாள் சித்தி.

பையிலிருந்து உருவிக் கொடுத்தார். வாங்கியவள் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

தாளின் கீழ் விளிம்பில், மங்கிய மஞ்சளாக, மெலிந்த விரல் தடங்கள்.

அன்று காலையில்தான் புதுத் தாள் மாற்றியிருந்தார்.