கடலைத் தவிர

"அப்போ சாப்பாட்டு நேரத்துல நாம என்னதான் பேசுறது?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"கடலைத் தவிர என்னவும் கதைக்கலாமாம்," என்றான் அமலதாஸ். "வாய் தவறிச் சொன்னா அண்டைக்குச் சட்டி பானை எல்லாம் சொன்னவர்தான் கழுவோணும்."

"நாலு பக்கமும் தண்ணிய வெச்சுக்கிட்டா?"

"ஓம். கறியில உப்புக் கூடிட்டுதெண்டு சொல்லலாம். அந்த உப்பு எங்கயிருந்து வந்ததெண்டுதான் சொல்லேலாது."

ஏழு ஆண்டுகளுக்கு முன், கடல் நடுவே கால் ஊன்றி நிற்கும் நடுமேடையில் அவர்கள் சந்தித்த முதல் நாளில் நடந்த பேச்சு அது. அன்று ஜெசிந்தா மூன்று முறை வாய் தவறினாள். சட்டி பானை எல்லாவற்றையும் அவளேதான் கழுவினாள். பக்கத்தில் நின்று, கேட்காமலே துடைத்துக் கொடுத்தவன் அமலதாஸ்.

இன்று காலை, வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, தேநீரோடு திரையின் முன் உட்கார்ந்தபோது ஜெசிந்தாவுக்கு அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. வளைகுடா முழுக்க மிதக்கும் நானூறு உணர்மிதவைகள் இரவுச் செய்திகளை அனுப்பியிருந்தன. வடக்கே நீர் சற்றுச் சூடு. தெற்கே கடற்புல் இரண்டு விரல் உயரம் வளர்ந்திருக்கிறது. ஒரு கடற்பசு கன்று ஈன்றிருக்கிறது. கன்றின் படத்தைப் பார்த்ததும், இதை உடனே அவனிடம் சொல்ல வேண்டும் என்று மனம் பரபரத்தது. ஏழு ஆண்டுகளாகத் தினமும் வரும் பரபரப்புதான். வழக்கம்போல் அதைத் தேநீரோடு விழுங்கினாள்.

இந்தியாவும் இலங்கையும் இரு கைகளால் பொத்தி வைத்திருப்பதுபோல் கிடக்கும் அந்தக் கடல், முப்பது ஆண்டுகளாகச் சட்டப்படி ஓர் ஆள். அதற்கு உரிமை உண்டு. வழக்குப் போடலாம், மறுக்கலாம். வாய் மட்டும் இல்லை. அதனால் மூன்று பேர் அதன் குரல்களாக நியமிக்கப்பட்டார்கள். இப்போது எத்தனை உயிர் இருக்கிறது என்று சொல்லும் அறிவியல் குரல், தங்கச்சிமடத்து ஜெசிந்தா. தலைமுறை தலைமுறையாக எவ்வளவு எடுத்தார்கள், பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லும் வரலாற்றுக் குரல், இலங்கைக் கரைப் பேசாலை அமலதாஸ். யாருக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது என்று சொல்லும் சட்டக் குரல், கீழக்கரை கமருன்னிஸா. இளையவர்கள் இருவருக்கும் அவர் லாத்தா, மூத்த அக்கா.

ஆண்டுக்கு ஒருமுறை மூவரும் தனித்தனியே ஓர் எண்ணை எழுதி உறையில் இடுவார்கள். இந்த ஆண்டு எத்தனை நாள் வலை வீசலாம் என்பதே அந்த எண். மூன்றும் ஏறக்குறைய ஒத்துப்போனால்தான் இரு கரையிலும் படகு இறங்கும். தொடக்க காலத்தில் மூன்று குரல்களும் கூடிப் பேசியே எழுதினார்கள். உரக்கப் பேசியவர் எண்ணே மூவர் எண்ணும் ஆயிற்று. ஒரே பருவத்தில் தெற்குக் கடற்புல் மொத்தமும் போயிற்று. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தப் பேச்சுத் தடை. மூவருக்குள் காதல் உறவும் கூடாது.

கடந்த மூன்று ஆண்டுகளாக மூன்று எண்களும் நெருங்கியே வந்தன; ஜெசிந்தா, அமலதாஸ் எண்களுக்குள் ஒரு நாள்கூட வித்தியாசமில்லை. கடலே ஒரே குரலில் பேசுகிறது என்று இரு கரையிலும் கொண்டாடினார்கள்.

ஜெசிந்தா உறையை எடுத்தாள். மிதவைகளின் கணக்குப்படி முப்பத்து நான்கு முதல் நாற்பத்தொன்று வரை எந்த எண்ணும் பாதுகாப்பானது. அவள் எழுதியிருந்தது முப்பத்தாறு. உறையோடு ஓர் உறுதிமொழித் தாள். 'மற்ற இருவரில் எவர் முகமும் என் எண்ணை அசைக்கவில்லை.' ஆறு ஆண்டுகள் யோசிக்காமல் போட்ட கையெழுத்து. இன்று பேனா இறங்கவில்லை.

ஏன் முப்பத்தாறு?

செவ்வாய்க்கிழமை மதியம் அமலதாஸ் சொன்னது காதில் ஒலித்தது. "எங்கட அம்மா சட்டியில கடைசித் துண்டை எப்பவும் விட்டுவைப்பா. ஆராவது வருவினமெண்டு." கடலைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இந்த முறை அவன் எண் இறங்கும் என்று. சோற்றைப் பிசையும் விதத்திலேயே அவன் எண்ணைப் படிக்க அவள் பழகிவிட்டிருந்தாள். கடல் ஒரே குரலில் பேசவில்லை. அவள்தான் அவனோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள்.

மதியம் மேசையில் கணவாய்ப் பிரட்டல். உறை திறக்க இன்னும் ஒரு மணி நேரம். ஜெசிந்தா கையெழுத்தில்லாத தாளை லாத்தாவின் தட்டருகே வைத்தாள்.

"என்ன புள்ள இது, வெறும் தாளு?"

"என்னால போட முடியல லாத்தா. என் எண்ணு என்னோடது இல்ல."

"யாரோடது?"

ஜெசிந்தா அமலதாஸைப் பார்த்தாள். அமலதாஸின் கை சோற்றிலேயே நின்றது. லாத்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அல்லாவே! ஏழு வருஷமா நடுவுல நான் ஒருத்தி மீன் முள்ளு எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க வாயத் தொறப்பீங்கன்னு பாத்தா, தாளக் கொண்டாந்து நீட்டுது இந்தப் புள்ள."

"ஜெசிந்தா, யோசிச்சுத்தான் செய்யிறியளோ?" என்றான் அமலதாஸ். "கையெழுத்துப் போடாட்டி குரல் பதவியோட மிதவை எல்லாம் போயிடும். வேணுமெண்டா நான் போறன்."

"உங்க எண்ணு சாயலையே. சாஞ்சது நான்தான்."

லாத்தா தாளில் தேதியிட்டார். இனி ஜெசிந்தாவின் இடத்தில், மாற்றுக் குரலான தொண்டி ஆய்வாளர் அதே தரவை முதலிலிருந்து பார்ப்பார். அதற்கு நான்கு நாள் ஆகும். படகுகள் நான்கு நாள் கரையில் காத்திருக்கும். "கோவிச்சுக்குவாங்க. ஆனா பொய்க் கணக்குல ஒரு நாளு அதிகமாப் போறதுக்கு இது தேவல," என்றார்.

ஜெசிந்தாவின் மணிக்கட்டுப் பட்டை ஒருமுறை அதிர்ந்தது. அதில் மிதவைகளைக் காட்டிய நானூறு பச்சைப் புள்ளிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. கன்று ஈன்ற கடற்பசுவைக் காட்டிய மிதவையின் புள்ளி கடைசியாகப் போயிற்று. அவள் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். முதுகிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

லாத்தா எழுந்தார். "நான் இரு கரைக்கும் சேதி சொல்லிட்டு வரேன். மெதுவாத்தான் வருவேன்."

கதவு சாத்திக்கொண்டது. மேடையின் கீழே அலை மெல்ல மோதிக்கொண்டிருந்தது. ஏழு ஆண்டுகளாக இருவரும் கேட்டும் கேளாததுபோல் இருந்த சத்தம். அமலதாஸ் தட்டுகளை அடுக்கத் தொடங்கினான்.

"வைங்க. இன்னிக்கு நான்தான் கழுவப்போறேன்," என்றாள் ஜெசிந்தா.

"ஏன்? நீங்கள் ஒண்டும் சொல்லேல்லயே?"

"இப்பச் சொல்லப்போறேன்." அவன் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். ஏழு ஆண்டுகள் நாக்கின் நுனியிலேயே இருந்த சொல் நடுக்கமில்லாமல் வெளியே வந்தது.

"தாஸ், எனக்குக் கடலப் பத்திச் சொல்லுங்க. இன்னிக்கு மட்டும் இல்ல. தெனமும்."