முன்னால் நகர்ந்த இருக்கை

காரின் ஓட்டுநர் இருக்கை, அடியிலுள்ள பல்சட்டத்தில் ஒரு பல் அளவு முன்னால் நகர்ந்திருந்தது.

அவள் கணவர் ஆறடி உயரம். இருக்கையைக் கடைசிப் பல்வரை பின்னால் தள்ளித்தான் உட்காருவார். அவர் செத்து நாற்பது நாளாக ஷெட் சாவியும் கார் சாவியும் அவள் கழுத்துச் சங்கிலியில்தான் கிடந்தன. எலி என்று சொல்லிக்கொண்டாள். மறுநாள் இன்னொரு பல். எலிக்கும் கார் பைத்தியம் பிடித்துவிட்டதாக்கும் என்று உதட்டைச் சுழித்தாள்.

இரண்டே பேர் உட்காரும் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஐம்பது வயதாம். இன்ஜின் ஒரு நசுங்கிய வண்டியிலிருந்து வந்தது, கதவுகள் இன்னொன்றிலிருந்து. சமையலறைக் கூரை ஒழுக ஒழுக வாங்கி மாட்டினார். அதற்கு ஆன்மா இருக்கிறதாம், சத்தத்தில். திறந்து வைத்தால் சத்தம் வெளியே போய்விடும் என்று ஷெட் கதவை இழுத்து மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டுக் கேட்பார். கேட்டுக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புகையில் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க வந்த பழைய கார் சங்கத் தலைவரின் கண் ஷெட்டின் மேலேயே இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் எங்கயும் போகல, தங்கச்சி. அந்தச் சத்தத்துலதான் இருக்கார்."

"அப்படியா? கேஸ் தீர்ந்துபோச்சு. வந்து சிலிண்டர் மாத்தச் சொல்லுங்க."

மகள்தான் விடுவதாக இல்லை. "வித்துடாதம்மா. ஒரே ஒரு தடவை, அப்பா மாதிரி மூடிக்கிட்டு உக்காந்து கேக்கறேன்."

"உங்கப்பா கேட்டது போதும்டி."

அன்றைக்கே விலை பேசினாள். வாங்குபவர் நாளை நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

மறுநாள் மூன்று மணிக்கு, வண்டிப் பத்திரங்களை எடுக்க ஷெட்டைத் திறந்தாள். தகரக் கூரையின் ஆணி ஓட்டைகளில் வெயில் ஊசியாக இறங்கியது. பெட்ரோலும் சூடான தோலும் அவருடைய தலை எண்ணெயும் கலந்த வாடை தொண்டையில் ஒட்டியது. ஓடி நின்ற இன்ஜின் ஆறும்போது வருமே, அந்த டிக், டிக் ஓசை, நாற்பது நாளுக்கு மேலாக ஓடாத வண்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

இருக்கை இன்னும் முன்னால் வந்திருந்தது.

"வெறும் தகரம்," என்று சத்தமாகச் சொன்னாள். அதை நிரூபிக்கவே ஏறி உட்கார்ந்தாள்.

கால் பெடலில் சரியாகப் பொருந்தியது. கண்ணாடியில் அவள் கண்கள், நேர் நடுவில்.

அவளுக்குத்தான் அளவெடுத்திருக்கிறது.

கடக்.

பக்கத்து இருக்கை. ஒரு பல்.

கடக்.

வெளியே செருப்புச் சத்தம். "அம்மா, ஷெட் கதவை ஏன் மூடிக்கிட்ட? இரு, நானும் வர்றேன்."

அவள் மூடவில்லை.

வராதே என்று கத்த வாயைத் திறந்தாள். கார் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கும்போதே இன்ஜின் உறுமி எழுந்தது. சத்தம் குரலை விழுங்கியது.

பக்கத்துக் கதவு, மகளுக்காக அவர் திறந்துவிடுவாரே, அதே மாதிரி மெதுவாகத் திறந்தது.