திறந்த குழாயில் அழுத்தம்

குழாயின் நுனி எதனோடும் இணைக்கப்படாமல் திறந்தே கிடந்தது. ஆனாலும் கருவி பன்னிரண்டு மில்லிபார் காட்டியது.

மகிழினி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். பன்னிரண்டுதான். சடையங்குப்பத்து நீரேற்று நிலையத்தின் வால்வுக் குழிக்குள், கவிழ்த்த வாளியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸ் அளவேயான அழுத்தம் சரிபார்க்கும் கருவி, தலைக்கு மேலே ஏணிக் கம்பியில் தொங்கியது. அதிலிருந்து இறங்கிய மெல்லிய குழாய் காய்ந்த தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பம்பின் பிரஷர் கேஜோடு மாட்டுவதற்கு முன் கருவி பூஜ்யம் காட்டியாக வேண்டும்.

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும். போன வாரம் கேஸ் கசிகிறது என்று கத்தி எல்லோரையும் வெளியே ஓட வைத்தவள் அவள். ஒன்றும் கசியவில்லை. இன்னொரு முறை அப்படிக் கத்தினால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

நோட்டில் 12 என்று எழுதினாள். பூஜ்யப் பொத்தானை அழுத்தினாள். 0.

மேலே மழை பிடித்திருந்தது. மதியம் மூன்று மணிக்கே குழிவாயின் வெளிச்சம் சாம்பலாகி, சுவர்களிலிருந்து பழைய சேற்றின் வாடை இறங்கி, கணுக்காலைச் சுற்றி ஒரு குளிர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. தரையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த சிமென்ட்.

"இன்னாம்மே, மிஷினுக்குப் பாடம் நடத்திகினு கீறியா?" மேலே குந்தியிருந்த ஃபிட்டர் பிராங்கிளின் எட்டிப் பார்த்தார். "டீ ஆறுது."

"பூஜ்யம் நிக்க மாட்டேங்குதுண்ணா."

"நீ மட்டும் ஒரு எடத்துல நிக்கிறியா? ரெண்டும் நல்ல ஜோடி."

முப்பத்தொன்று. எழுதினாள். அழுத்தினாள். 0.

குளிர் முழங்காலைத் தாண்டியிருந்தது. காது அடைத்தது. மழைச் சத்தம் தூரமாகப் போனது. மூச்சை இழுக்க நெஞ்சு ஏதோ ஒன்றைத் தள்ள வேண்டியிருந்தது.

நாற்பத்து நான்கு. எழுதினாள். இம்முறை அழுத்தவில்லை.

ஒரு மில்லிபார் என்றால் ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீர். மாலை வகுப்பில் பிள்ளைகளுக்கு அவளே கரும்பலகையில் எழுதிக் காட்டிய கணக்கு. நோட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு. முப்பத்தொன்று. நாற்பத்து நான்கு. பொத்தானை அழுத்தி மறைத்ததையும் சேர்த்துக் கூட்டினாள். எண்பத்தேழு.

உட்கார்ந்தபடியே கையால் அளந்தாள். தரையிலிருந்து தோள்வரை.

பென்சில் கை நழுவியது. கீழே விழவில்லை. மோவாய்க்கு முன்னால் படுத்தபடி மெல்ல ஆடியது.

எழ முயன்றாள். கால்கள் வரவில்லை. முதுகுப் பின்னல் அவிழ்ந்து தோளுக்கு மேலே மிதந்து எழும்பியது.

நாற்பத்தொன்பது. ஐம்பது.

கத்த வேண்டும். இதுவும் பொய்யாக இருந்தால்?

ஐம்பத்து நான்கு.

"இன்னாம்மே, சத்தத்தையே காணோம்? இரு, நானே வர்றேன்."

வராதீங்கண்ணா!

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. உதட்டிலிருந்து ஒரு குமிழி மேலே போய் உடைந்தது.

ஏணியில் செருப்புக் கால்கள். கடைசிப் படிகளில் அவருடைய கால்சட்டையின் ஓரம் உப்பி மேலே எழுந்தது. அவர் பார்க்கவில்லை.

"ஒரு பொத்தானை அமுக்கறதுக்கு இவ்ளோ பேஜாரா?" சிரித்தார். அவள் முகத்தைப் பார்க்கக் குனிந்தார். "இன்னா, பேயறைஞ்ச மாதிரி..."

குரல் பாதியில் அறுந்தது.

அவர் தலைமயிர் மெல்ல மேலெழுந்து விரிந்தது. உதடுகள் மட்டும், அதே கேலிச் சிரிப்போடு, பேசிக்கொண்டே இருந்தன.