மூன்றாவது துளை

கஜனியின் பிளாஸ்டிக் பேசினில் நூற்றிருபது இறால் குஞ்சுகள் இருந்தன. அவை கண்ணாடி மாதிரி இருந்ததால் உடம்பை வைத்து எண்ண முடியவில்லை. அதனால் கறுப்புப் பொட்டுக் கண்களை எண்ணி இரண்டால் பிரித்தாள்.

இரணைமடுக் குளத்தில் விடுவதற்காக மீனவர் சங்கத்துக்கு வந்த குஞ்சுகள் அவை. அப்பா கொஞ்சத்தை அவளுக்குக் கேட்டு வாங்கி வந்தார். "ரெண்டு கிழமை வளர்த்துப் பார். பிறகு நாங்களே கொண்டுபோய் விடுவம்" என்றார். அந்த இரண்டு கிழமை இன்று, சனிக்கிழமையோடு முடிகிறது. அப்பா மீன்பிடிக்க வள்ளத்தில் போயிருந்தார். நான்கு மணிக்குத்தான் வருவார். அதுவரை வீட்டில் கஜனியும் ஜெயரூபி அக்காவும் மட்டும்தான்.

பதினொரு மணிக்குக் கரண்ட் நின்றது. பேசினுக்குள் காற்று ஊதும் சின்னப் பம்பும் நின்றது.

இப்போது வந்துவிடும் என்று கஜனி பேசாமல் இருந்தாள். அரை மணித்தியாலம் கழித்து எட்டிப் பார்த்தாள். குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து பேசினின் விளிம்பில் ஏறப் பார்த்தன.

"அக்கா, ஓடி வாங்கோ! இதுகளுக்கு மூச்சு முட்டுது!"

அவள் கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினாள். குமிழிகள் கொஞ்சம் வந்தன.

"நாலு மணி மட்டும் இப்பிடி ஊத்துவியோ?" என்று கேட்டாள் அக்கா.

"ஊத்துவன்!"

பத்து நிமிடத்தில் கை கழன்றுவிடும்போல் இருந்தது.

அக்கா பெருமூச்சு விட்டாள். கம்பஸ் பாடத்துக்கு எழுதிக்கொண்டிருந்த ஒப்படையைப் பாதியில் விட்டு, லப்டொப்பைத் தூக்கி வந்தாள். போன் சார்ஜரில் கொழுவியிருந்த பம்பின் வயரைக் கழற்றி லப்டொப்பில் கொழுவினாள். பம்ப் ஓடியது.

கஜனி கைதட்டினாள். அக்கா தட்டவில்லை. "பற்றறி முப்பது வீதந்தான் கிடக்கு. ஒரு மணித்தியாலம் நிண்டாலே பெரிசு" என்றாள்.

முப்பது, இருபத்தொன்பது ஆனது. பிறகு இருபத்தெட்டு. கஜனி அந்த எண்ணையே முறைத்துப் பார்த்தாள். திடீரென்று நேற்று மேசையில் கண்டது நினைவுக்கு வந்தது.

"அக்கா, லப்டொப்பை நிப்பாட்டுங்கோ."

"உனக்கென்ன விசரே? நிப்பாட்டினால் பம்பும் நிண்டிடும்."

"நேற்று நீங்கள் நிப்பாட்டிப்போட்டு எழும்பிப் போனீங்கள். அதுக்குப் பிறகும் மவுஸுக்குக் கீழை சிவப்பு லைட் எரிஞ்சது. நான் கண்டனான். நிப்பாட்டினால் பற்றறி முழுக்கப் பம்புக்குத்தானே."

"கம்பஸிலை படிக்கிற நான் சொல்லுறன், அப்பிடி எரியாது."

"மவுஸ் கம்பஸிலை படிக்கேல்லையே!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லப்டொப்பை நிறுத்தினாள். திரை கறுத்தது. பம்பும் நின்றது.

ஆனாலும் கஜனி விடவில்லை. "மவுஸ் எந்தத் துளையிலை இருந்தது?"

"ஆருக்கு ஞாபகம்?"

லப்டொப்பில் மூன்று துளைகள் இருந்தன. கஜனி வயரைக் கழற்றி இரண்டாவதில் செருகினாள். ஒன்றுமில்லை. மூன்றாவது துளை மறுபக்கத்தில் தனியாக இருந்தது. அதன் அருகில் எறும்பளவில் ஒரு மின்னல் படம் கீறியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதில் செருகினாள்.

கிர்ர்ர்...

கண்ணைத் திறந்தாள். பேசினில் குமிழிகள் பொங்கின.

இரண்டு பேரும் லப்டொப்பைக் குனிந்து பார்த்தார்கள். திரையில் ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. கஜனி லப்டொப்பின் மூடியில் காதை வைத்துக் கேட்டாள். சத்தமே இல்லை. ஆனால் அதிலிருந்து போகும் வயரின் நுனியில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"மூண்டு வருசமா இதோடை இருக்கிறன்" என்றாள் அக்கா. "எனக்கே இது தெரியாது."

"மெதுவாக் கதையுங்கோ அக்கா, அது நித்திரை."

குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. கஜனி சாப்பாட்டுக் கோப்பையைக் கூடப் பேசினுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சாப்பிட்டாள். பம்ப் நிற்கவில்லை.

நான்கு மணிக்கு வந்த அப்பா நடந்ததைக் கேட்டார். கறுத்த திரையைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், குமிழிகளைப் பார்த்தார். "நிப்பாட்டின பிறகுமோ?" என்று மூன்று தரம் கேட்டார். பிறகு அவரும் குந்தியிருந்து மூடியில் காதை வைத்தார்.

அன்று பின்னேரம் குளக்கரையில் கஜனி பேசினை மெல்லச் சரித்தாள். குஞ்சுகள் தண்ணீரோடு தண்ணீராய் வழுகிப் போயின. ஒன்றுகூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் குளம் கண் போன தூரத்துக்கு விரிந்து கிடந்தது.

"அப்பா, இவ்வளவு பெரிய குளத்துக்கு ஆர் காத்து ஊதுறது?"

அப்பா பதில் சொல்லுமுன் பெரிய காற்று ஒன்று வந்தது. அலை எழுந்து அணைக்கட்டின் கற்களில் மோதியது. கரை நெடுக வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள் பொங்கின.

கஜனி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக, "இது ஆராலையும் நிப்பாட்ட ஏலாத பம்ப்."